சுடுதண்ணீருக்குத் தனி வயர்

மார்கழி, தை மாதங்களில் மாட்டுப்பட்டி எப்படி இருக்கும்? உங்களுக்கே தெரியும். விடிகாலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். கொழுந்து எடுத்து, பனியில் நனைந்து வீடு திரும்பும் பெண்களுக்கு ஒரு வாளி சுடுதண்ணீர் எவ்வளவு பெரிய சுகம்!

முன்பெல்லாம் விறகடுப்பில்தான் தண்ணீர் காயும். வீடெல்லாம் புகை. கண் எரியும். இப்போது பல வீடுகளில் கரண்டில் தண்ணீர் காய வைக்கிறோம். சிலர் வாளிக்குள் ராடு போடுகிறோம். சிலர் சுவரில் ஹீட்டர் மாட்டுகிறோம்.

இது நல்லதுதான். ஆனால் தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் கவனம் வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

பெரியம்மா கேட்ட கேள்வி

எங்கள் மாலை வகுப்பில் ஒரு பெரியம்மா படிக்கிறார். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது மகனோடு சொந்த வீட்டில் இருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்களை வேகமாகப் படிப்பார்.

ஒரு நாள் வகுப்புக்கு வந்ததும் கேட்டார்.

"டீச்சர், மகன் ஹீட்டர் வாங்கிட்டு வந்திருக்கான். பெட்டியிலே என்னென்னமோ எழுதியிருக்கு. நான் நம்பரை மட்டும் படிச்சேன். மூவாயிரம்னு போட்டிருக்கு. அது விலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். ஆனால் அது சிரித்துவிட்டு விடுகிற கேள்வி இல்லை. அந்த எண்ணைப் படித்ததால்தான் அந்த வீட்டில் ஒரு ஆபத்து நீங்கியது.

"விலை இல்லை, பெரியம்மா. அது 3000 வாட். அந்த ஹீட்டர் எவ்வளவு கரண்ட் கேட்கும் என்பதை அந்த எண் சொல்கிறது" என்றேன்.

ஓட்டலில் வேலை செய்யும் ஒரு தம்பி எழுந்தார்.

"டீச்சர், எங்க ஓட்டல்ல ஒரு மர அறை இருக்கு. வெளிநாட்டுக்காரங்க உள்ளே போய் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பாங்க. சானான்னு பேரு. அந்த ஹீட்டர்ல ஆறாயிரம்னு போட்டிருக்கு."

"சரி. இரண்டையும் சேர்த்தே படிப்போம்" என்றேன். நான் இதில் அக்கறை காட்டக் காரணம் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்கால விடியல். என் அம்மா வாளித் தண்ணீரில் ராடு போட்டிருந்தார். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று பார்க்க விரலை விட்டார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. "ஐயோ" என்று ஒரு சத்தம். அம்மா சுவரோரமாய் விழுந்து கிடந்தார்.

நல்ல வேளை, விழுந்த வேகத்தில் கை தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. உயிர் தப்பினார். ஒரு மாதம் வரை வலது கையைத் தூக்க முடியவில்லை.

பிறகு ஒரு வயர்மேனை அழைத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று துளை இருந்தது. ஆனால் மேல் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் கொடுக்காமலே விட்டிருக்கிறார்கள். ராடின் சூட்டில் பிளக்கின் உள்பக்கம் கருகியும் இருந்தது. அன்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாட், வோல்ட், ஆம்பியர்

மாட்டுப்பட்டி அணையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் பள்ளிவாசல் மின் திட்டத்துக்குப் போகிறது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அது. 1940இல் வேலை செய்யத் தொடங்கியது. நம் ஊர்த் தண்ணீரே கரண்டாகிறது.

தண்ணீரை வைத்தே கரண்டையும் புரிந்துகொள்ளலாம். உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. தண்ணீரைத் தள்ளும் அழுத்தம்போல, கரண்டைத் தள்ளும் அழுத்தம் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவுபோல, வயரில் ஓடும் கரண்டின் அளவு ஆம்பியர். இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையின் வேகம் வாட்.

நம் வீடுகளுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட். அதனால் கணக்கு எளிது. வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

எங்கள் வகுப்பில் போர்டில் போட்ட கணக்கு இது:

9 வாட் எல்.இ.டி. பல்பு: 0.04 ஆம்பியர்
500 வாட் மிக்ஸி: 2.2 ஆம்பியர்
1000 வாட் இஸ்திரிப் பெட்டி: 4.3 ஆம்பியர்
1500 வாட் ராடு: 6.5 ஆம்பியர்
2000 வாட் கீசர்: 8.7 ஆம்பியர்
3000 வாட் ஹீட்டர்: 13 ஆம்பியர்
6000 வாட் சானா ஹீட்டர்: 26 ஆம்பியர்

பெரியம்மா வீட்டு ஹீட்டரும் பல்பும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு ஹீட்டர் எடுக்கும் கரண்டில் 333 பல்பு எரிக்கலாம்!

இப்போது பிளக்கைப் பாருங்கள். நம் வீடுகளில் இரண்டு அளவில் பிளக் உண்டு. சின்னது 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். பெரியதைப் பவர் பிளக் என்கிறோம்.

எங்கள் வீட்டில் ராடு 1500 வாட். அது 6.5 ஆம்பியர் எடுக்கும். நாங்கள் செருகியது 6 ஆம்பியர் பிளக்கில். தினமும் அரை மணி நேரம். பிளக் கருகியதற்குக் காரணம் புரிகிறதா?

வயர் ஏன் தடிமனாக இருக்க வேண்டும்?

ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நடந்து போகலாம். நூறு பேர் ஒரே நேரத்தில் போனால் நெரிசல்தான். வயரும் அப்படியே. மெல்லிய வயரில் அதிகக் கரண்ட் ஓடினால் வயர் சூடாகும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. ஒரே வயரில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது. நாலு மடங்கு ஆகும். கரண்ட் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. அதனால்தான் பல்பு எரியும்போது ஒன்றும் ஆகாத வயர், ஹீட்டர் போட்டதும் உருகுகிறது. சுவருக்குள் உருகினால் நமக்குத் தெரியாது. தீப்பிடித்த பிறகுதான் தெரியும்.

கடையில் வயரை அதன் செம்பின் குறுக்களவைச் சொல்லிக் கேட்க வேண்டும். சதுர மில்லிமீட்டர் என்பது அளவு. கடைக்காரர் சுருக்கமாக "ஒன்றரை, இரண்டரை, நாலு" என்பார்.

விளக்குக்கு 1 அல்லது 1.5 போதும்.
2000 வாட் கீசருக்கு 2.5 வேண்டும்.
3000 வாட் ஹீட்டருக்கு 4 போடுவது நல்லது.

வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹீட்டரின் வயர் மெயின் போர்டிலிருந்து நேராக வர வேண்டும். வழியில் பல்புக்கோ டி.வி.க்கோ அதிலிருந்து கிளை எடுக்கக் கூடாது. இதைத்தான் தனி லைன் என்கிறார்கள்.

மூன்று காவல்காரர்கள்

சுடுதண்ணீர் லைனுக்கு மூன்று காவல் வேண்டும். மூன்றும் மூன்று விதமான வேலை செய்கின்றன. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல முடியாது.

முதல் காவல் எம்.சி.பி. இது மெயின் போர்டில் இருக்கும் சின்ன சுவிட்ச். வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழுந்துவிடும். 3000 வாட் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. சரியாக இருக்கும். அடிக்கடி விழுகிறது என்று சிலர் பெரிய எம்.சி.பி. மாற்றுவார்கள். அது தவறு. ஏன் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், காவல்காரனைத் தூங்க வைத்ததுபோல ஆகும்.

இரண்டாம் காவல் எர்த். பிளக்கின் மேல் துளை பெரிதாக இருக்கும். அதில் போகும் முள் மற்ற முள்களைவிட நீளமாக இருக்கும். செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். எர்த் வயரின் நிறம் பச்சை. அது ஹீட்டரின் இரும்பு உடம்பையும் மண்ணையும் இணைக்கிறது. உள்ளே வயர் அறுந்து உடம்பில் பட்டால், கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்கு ஓடும். அந்த வேகத்தில் எம்.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால்? ஹீட்டரின் உடம்பிலும் தண்ணீரிலும் கரண்ட் காத்திருக்கும். யார் தொடுகிறார்களோ அவர் வழியாக மண்ணுக்குப் போகும்.

எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டி வைப்பது சிலருக்கு வழக்கம். அது கூடாது. இப்போது பல குழாய்கள் பிளாஸ்டிக். அதில் கரண்ட் போகாது. இரும்புக் குழாயாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஷாக் அடிக்கலாம்.

மூன்றாம் காவல் ஆர்.சி.சி.பி. பலர் இதை இ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று இது எண்ணிக்கொண்டே இருக்கும். எங்கோ கசிந்து மனித உடம்பு வழியாகப் போனால் கணக்கு குறையும். உடனே கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர். அதாவது ஒரு ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 30 பங்கு. அவ்வளவு சின்னக் கசிவையும் இது கண்டுபிடிக்கும்.

எங்கள் வீட்டில் இது இருந்திருந்தால் அம்மா விழுந்திருக்க மாட்டார்.

நம் மலையில் பல இடம் பாறை. எர்த் சரியாக இறங்காது. அதனால் நமக்கு இந்த மூன்றாம் காவல் மிகவும் அவசியம். அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் நின்றால் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம்.

சானா என்பது என்ன?

இப்போது தம்பி சொன்ன மர அறைக்கு வருவோம்.

ஐரோப்பாவின் வடக்கே பின்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே குளிர் மிக அதிகம். மக்கள் தொகை சுமார் 55 லட்சம். அங்கே 30 லட்சத்துக்கும் மேல் சானாக்கள் உண்டு. மரத்தால் கட்டிய சின்ன அறை. உள்ளே ஒரு அடுப்பு. அதன் மேல் கற்கள். கற்கள் சூடானதும் தண்ணீர் தெளிப்பார்கள். ஆவி எழும். எல்லோரும் உட்கார்ந்து வேர்ப்பார்கள். 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்த வழக்கத்தை மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

முன்பு அவர்களும் விறகுதான் எரித்தார்கள். பிறகு கரண்ட் அடுப்பு வந்தது. வீட்டுக்குள் வைக்கும் சின்ன சானாவுக்கே 6000 வாட் வரை வேண்டும். அது 26 ஆம்பியர். நம் பெரிய பிளக் 16 ஆம்பியர்தான். அதனால் அத்தகைய சானா ஹீட்டருக்குப் பிளக்கே கிடையாது. மெயின் போர்டிலிருந்து தடித்த வயர் நேராக வந்து ஹீட்டரில் முடியும். அதற்கென்றே தனி எம்.சி.பி. இருக்கும். பெரும்பாலும் மூன்று பேஸ் லைன் கொடுப்பார்கள். அப்போது 6000 வாட்டை மூன்று பேஸும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் 9 ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும்.

இன்னொன்றும் உண்டு. சானாவுக்குள் சூடு 70 முதல் 100 டிகிரி வரை ஏறும். நாம் வீட்டில் போடும் சாதாரண பி.வி.சி. வயரின் மேல்தோல் 70 டிகிரி வரைதான் தாங்கும். ஆகவே சானாவுக்குள் சூடு தாங்கும் தனி வகை வயர் போட வேண்டும். பிளக்கை உள்ளே வைக்கக் கூடாது. ஹீட்டருக்கு மேல் துண்டு காயப் போடக் கூடாது. தீப்பிடிக்கும்.

"அப்படின்னா ஓட்டல்காரங்களுக்கும் எனக்கும் ஒரே பாடம்தான்" என்றார் பெரியம்மா.

உண்மைதான். வாட் அதிகமானால் வயர் தடிக்க வேண்டும். லைன் தனியாக வேண்டும். காவல் மூன்றும் வேண்டும். அடுப்புக்கு மேலே வயர் போகக் கூடாது என்பதும் நமக்குப் பொருந்தும்.

யாரிடம் சொல்ல வேண்டும்?

கேரளத்தில் ஒரு வீட்டின் மொத்தச் சுமை 5000 வாட் வரை இருந்தால் ஒரு பேஸ் போதும். அதற்கு மேல் போனால் மூன்று பேஸ் வேண்டும்.

பெரியம்மா வீட்டுக் கணக்கைப் போட்டோம். பல்புகள் 45. டி.வி. 80. பிரிட்ஜ் 150. மிக்ஸி 500. இஸ்திரிப் பெட்டி 1000. கூட்டினால் 1775 வாட். ஹீட்டர் 3000. மொத்தம் 4775. எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நாளை 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினால் 6775 ஆகிவிடும்.

சுமை கூடினால் தகவல் கொடுக்க வேண்டும். மின்வாரியத்தின் இணைப்பு உள்ளவர்கள் தங்கள் பிரிவு அலுவலகத்தில் சொல்ல வேண்டும். கண்ணன் தேவன் கம்பெனி எஸ்டேட்டுகளில் கரண்டைப் பகிர்ந்து கொடுப்பது கம்பெனிதான். அங்கே லயத்தில் இருப்பவர்கள் எஸ்டேட் ஆபீசில் கேட்க வேண்டும். லயத்து வயரில் நாமாகக் கை வைக்கக் கூடாது. ஒரே வரிசையில் பல குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் பற்றும் தீ ஒரு வீட்டோடு நிற்காது.

வேலையை உரிமம் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

பெரியம்மா என்ன செய்தார்?

மறுநாள் வயர்மேன் வந்தார். பெரியம்மா நோட்டைப் பிரித்து, எழுதி வைத்த கேள்விகளைப் படித்தார்.

"தம்பி, குளியலறைக்கு வர்ற வயர் எத்தனை? எர்த் இருக்கா? போர்டுல ஆர்.சி.சி.பி. இருக்கா?"

வயர்மேன் பார்த்தார். விளக்குக்குப் போட்ட வயரிலிருந்து கிளை எடுத்திருந்தது. எர்த் இல்லை. ஆர்.சி.சி.பி.யும் இல்லை. மூன்றும் செய்ய என்ன செலவாகும் என்று கணக்குச் சொன்னார்.

மகனுக்குக் கோபம் வந்தது. "ஹீட்டர் விலையை விட வயர் செலவு அதிகமா இருக்கே அம்மா! ஊரெல்லாம் இப்படித்தானே வச்சிருக்காங்க?" என்றார்.

"ஹீட்டர் போனா வேற வாங்கலாம்டா. நான் போனா?" என்றார் பெரியம்மா.

மகன் பதில் பேசவில்லை.

ஹீட்டர் மூன்று வாரம் பெட்டியிலேயே இருந்தது. வீட்டுக்குப் பின்னால், கழுவு தண்ணீர் பாயும் ஈர மண்ணில் குழி தோண்டினார்கள். எர்த் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். தனி வயர் இழுத்தார்கள். சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே வைத்தார்கள். அதன் பிறகே ஹீட்டர் சுவரில் ஏறியது.

அடுத்த வகுப்பில் பெரியம்மா ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினார். "இன்று சுடுதண்ணீரில் குளித்தேன்." அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அவரே கண்டுபிடித்துத் திருத்தினார்.

நினைவில் வைப்போம்

1. பெட்டியிலும் ஹீட்டரின் தகட்டிலும் உள்ள எண்ணைப் படியுங்கள். ஆங்கில டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருப்பது வாட்.

2. ராடை முதலில் தண்ணீரில் வையுங்கள். அதன் மேலுள்ள கோடு வரை தண்ணீர் இருக்கட்டும். பிறகு சுவிட்ச் போடுங்கள்.

3. சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். இரும்பு வாளி வேண்டாம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

4. சுவர் ஹீட்டரானாலும் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். குளிக்கும் முன் நிறுத்திவிடுவது நல்லது.

5. பிளக் சூடானால், கருகல் வாசம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

6. யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக் கட்டையால் அவரைத் தள்ளி விடுங்கள். பிறகு 108க்கு அழையுங்கள்.

கணக்குப் போடுவோம்

1. உங்கள் வீட்டில் உள்ள மின்சாதனங்களின் வாட்டை எழுதிக் கூட்டுங்கள். 5000க்குள் இருக்கிறதா?

2. ஒரு கீசர் 2000 வாட். அது கால் மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட்? (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.)

3. உங்கள் வீட்டு மெயின் போர்டைப் பாருங்கள். மூன்று காவல்காரர்களில் யார் யார் இருக்கிறார்கள்? யார் இல்லை?

மூன்றாவது கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை. உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இன்றே பாருங்கள்.